அரண்மனையே இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சென்னைப் பாரிமுனையில் உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று வடக்கே பார்த்தால் வரிசையாகத் தெருக்கள் உள்ளே போகும். அவற்றில் பிராட்வேக்கும் தம்பு செட்டி தெருவுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. தமிழில் அதற்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர், ஆங்கிலத்தில் ஆர்மேனியன் ஸ்ட்ரீட். அரண்மனைக்கும் ஆர்மேனியாவுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இரண்டு பெயரும் ஒரே பெயர்தான். ஒரே சொல் இரண்டு விதமான காதுகளில் விழுந்து இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சின்ன வயதில் அந்தத் தெருவில் இருக்கிற அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் வீட்டில் கூட்டிக்கொண்டு போவார்கள். கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம் அரண்மனை எங்கே என்று தேடியிருக்கிறேன். அதே தெருவில் உயரமான சுவரும் பெரிய மரக்கதவுமாக ஒரு பழைய கட்டடம், எப்போது போனாலும் பூட்டியிருப்பது போலவே தெரியும். ராஜா அதற்குள்ளேதான் இருக்கிறார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். பல வருஷம் கழித்து ஒருநாள் அந்தக் கதவு திறந்திருந்தபோது உள்ளே எட்டிப் பார்த்தால், ஆள் அரவமில்லாத முற்றம், பூஞ்செடிகள், தரையோடு தரையாகப் பதித்த கல்லறைகள், அவற்றின் மேல் அதுவரை நான் பார்த்தே இராத ஒரு எழுத்து. ராஜா இல்லை. ஆனால் தெருவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் அங்கேதான் படுத்திருந்தார்கள்.

அரண்மனை என்று நினைத்தது நான் மட்டுமில்லை. ஆற்காட்டு நவாபின் ஆட்கள் அங்கே குடியிருந்தார்கள், அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்கிறவர்கள் உண்டு. நவாபு கட்டிக்கொண்ட அரண்மனை சேப்பாக்கத்தில் இருக்கிறது. கோட்டைக்குத் தெற்கே, கூவத்தையும் தாண்டி. இந்தத் தெருவோ கோட்டைக்கு வடக்கே. அரண்மனையில் வேலை பார்த்தவர்கள் தினமும் ஊரின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்திருப்பார்களா என்று யோசித்தாலே அந்த விளக்கம் உதிர்ந்துவிடும். பெயரைப் பார்த்துவிட்டு அதற்கு ஏற்றாற்போல் பின்னால் கட்டிய கதை அது. ஊர்ப்பெயர், தெருப்பெயர் விஷயத்தில் நமக்கு இது கைவந்த கலை, தலபுராணம் எழுதிப் பழகிய கை இல்லையா.

சரி, ஆர்மேனியர்கள் இங்கே எப்படி வந்தார்கள்? பாரசீகத்தை ஆண்ட ஷா அப்பாஸ், 1604-05 வாக்கில் ஜுல்ஃபா என்ற ஆர்மேனிய ஊரையே கூண்டோடு கிளப்பித் தன் தலைநகரான இஸ்ஃபஹானுக்குப் பக்கத்தில் குடியேற்றினார். ஓட்டோமான்களோடு நடந்த போரில் எதிரிக்கு ஒன்றும் மிஞ்சக் கூடாது என்பது ஒரு காரணம், பட்டு வியாபாரத்தில் கெட்டிக்காரர்களான அவர்களைத் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. புது ஜுல்ஃபா என்று பெயரிட்ட அந்தக் குடியேற்றத்திலிருந்துதான் ஆர்மேனிய வியாபாரிகள் சூரத், ஆக்ரா, டாக்கா, மெட்ராஸ், மணிலா என்று கிளம்பிப் போனார்கள். ஒரு நாடு தங்களுக்கென்று இல்லாததே அவர்களுக்கு ஒரு வசதியாகவும் இருந்தது. ஆங்கிலக் கப்பலுக்குக் கதவடைத்த ஸ்பானிய மணிலா, ஆர்மேனியனின் சரக்கை உள்ளே விட்டது. அதனால் மெட்ராஸில் இருந்த ஆங்கிலேயர்களுக்கே மணிலா வியாபாரத்தில் அவர்களுடைய பெயர் தேவைப்பட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. 1688இல் லண்டனில் கோஜா பானூஸ் கலந்தர் என்ற ஆர்மேனிய வியாபாரியோடு கம்பெனி ஒரு ஒப்பந்தம் போட்டது. கம்பெனியின் ஊர்களில் ஆங்கிலேயர்களுக்கு உள்ள வியாபாரச் சலுகைகள் ஆர்மேனியர்களுக்கும் உண்டு, ஓர் ஊரில் நாற்பது ஆர்மேனியர்கள் சேர்ந்துவிட்டால் கோயில் கட்ட இடம் கொடுப்போம், ஏழு வருஷத்துக்குப் பாதிரியார் சம்பளமாக ஆண்டுக்கு 50 பவுன் தருவோம் என்றெல்லாம் அதில் இருந்தது. தலையை எண்ணிக் கோயில் தருகிற இந்தக் கணக்கு கம்பெனிக்காரர்களுக்கே உரியது. மெட்ராஸில் அந்த நாற்பது பேர் சேர்ந்தார்கள். 1712இல் இங்கே முதல் ஆர்மேனியக் கோயில் எழுந்தது.

அந்த நாள் மெட்ராஸ் ஆர்மேனியர்களில் ஒருவரையாவது சென்னைக்காரர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது கோஜா பெட்ரஸ் உஸ்கான். மணிலாவிலும் மெட்ராஸிலும் வியாபாரம் செய்து குவித்தவர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே சொந்தப் பணத்தில் ஒரு பாலம் கட்டினார், பரங்கிமலை உச்சிக்கு ஏறப் படிக்கட்டும் போட்டார். தோமையார் மலைக்குப் போகிற யாத்திரிகர்கள் ஆற்றில் இறங்கி நனையாமல் போகட்டும் என்பதற்காக. அந்தப் பாலம் 1960களில் போய் இன்று அங்கே மறைமலையடிகள் பாலம் நிற்கிறது. பழைய பாலத்தின் கல்வெட்டு பாரசீகம், ஆர்மேனியம், லத்தீன் என்று மூன்று மொழிகளில் எழுதப்பட்டது. பாலத்தில் நடந்தவர்களில் பெரும்பாலோருக்கு மூன்றில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மெட்ராஸைப் பிடித்தபோது உஸ்கானைத் தங்கள் பக்கம் இழுக்கப் பார்த்தார்கள், அவர் மசியவில்லை, அவருடைய சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். 1751இல் இறந்தார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்துவிட்டு, அவருடைய விருப்பப்படி இதயத்தை மட்டும் எடுத்துப் புது ஜுல்ஃபாவுக்கு அனுப்பிவைத்தார்களாம்.

ஆனால் நம் தெரு இருக்கும் இடத்துக்கு ஆர்மேனியர்கள் வந்து சேர்ந்தது அவர்களுடைய வியாபாரத்தால் இல்லை, அந்தப் பிரெஞ்சுச் சண்டையால். 1749இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்களுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். கத்தோலிக்கர்களும் ஆர்மேனியர்களும் கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் ஊரில் வீடு வைத்திருக்கக் கூடாது என்று வெளியே அனுப்பினார்கள். உஸ்கான் அவர்களுக்காகச் சொத்தையே இழந்தவர் என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. அதோடு, கோட்டைச் சுவருக்கு ஒட்டி வடக்கே இருந்த பழைய கறுப்பர் ஊர், எதிரி பீரங்கியோடு வந்து ஒளிந்துகொள்ள வசதியாக இருக்கிறது என்று பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறி இடித்தார்கள். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகை போட்டுவிட்டுப் போன பிறகு மிச்சமும் போனது. இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்கிற நிலமெல்லாம் அப்படி ஊரை அழித்து வெட்டவெளியாக்கிய மைதானம்தான். இதற்கு மேல் தெற்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள், அதில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி இன்றும் இருக்கிறது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யாரும் பார்ப்பதில்லை.

அந்தத் தூண் நட்டதற்கு ஒரு வருஷம் முன்னால், 1772இல், எல்லைக்கு வடக்கே தங்கள் பழைய இடுகாடு இருந்த நிலத்தில் ஆர்மேனியர்கள் புதுக்கோயில் கட்டினார்கள். கன்னி மரியாள் பெயரில் கட்டிய அந்தக் கோயில்தான் நான் ராஜா வீடு என்று நினைத்தது. அப்போது அவர்கள் இங்கே கொஞ்சம் பேர்தான், ஆனால் பணமும் கோயிலும் தனி உடையுமாக எடுப்பாகத் தெரிந்தவர்கள். சுற்றிலும் தமிழரும் தெலுங்கரும் குடியிருக்கிற ஊரில் அப்படி ஒரு கூட்டம் ஒரு தெருவில் இருந்தால் அந்தத் தெருவுக்கு வேறு அடையாளம் எதற்கு?

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆர்மேனியன் எப்படி அரண்மனைக்காரன் ஆனான்? 'தமிழர்களுக்கு வாயில் நுழையவில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை, கொஞ்சம் அநியாயமாகவும் படுகிறது. முதலில், தமிழர்கள் கேட்ட சொல் 'ஆர்மேனியன்' என்ற ஆங்கிலச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? பாரசீகத்தில் அவர்களை 'அர்மனி' என்பார்கள். அன்றைய துறைமுகங்களிலும் சந்தைகளிலும் பாரசீகமும் அதன் வழி வந்த இந்துஸ்தானியும் புழங்கின. டாக்காவில் ஆர்மேனியர் வாழ்ந்த பகுதிக்குப் பெயர் ஆர்மானிடோலா. கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் ஆர்மானி காட் இருக்கிறது. மெட்ராஸிலும் சந்தையில் அடிபட்ட சொல் அர்மனி என்றே வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தமிழ் வாய் 'ர்' என்ற மெய்யில் சட்டென்று நிற்காமல் ஒரு உயிரைச் சேர்க்கும், மார்க்கம் மாருக்கம் ஆகிற மாதிரி. அர்மனி, அரமனி, அரமனை. கடைசி இகரம் ஐகாரமானதும் காதுக்குப் பழக்கமான ஒரு சொல் வந்துவிடுகிறது. ஏனென்றால் பேச்சில் நாம் அரண்மனை என்று சொல்வதே இல்லை, அரமனை என்றுதான் சொல்கிறோம். கன்னடத்தில் எழுத்திலேயே அரமனெதான். அர்மனிக்கும் அரமனைக்கும் நடுவில் இருந்த தூரம் அரை மாத்திரை.

அடுத்தது 'காரன்'. இந்த ஒட்டு அந்தப் பகுதியின் தெருப்பெயர்களுக்குப் புதிதில்லை. கொஞ்ச தூரம் தள்ளி பவளக்காரத் தெரு இருக்கிறது. பவளம் விற்றவன் பவளக்காரன், பால் கொண்டுவருகிறவன் பால்காரன், சீனாவிலிருந்து வந்தவன் சீனாக்காரன், வெளியூரிலிருந்து வந்தால் ஊர்ப்பெயரோடு சேர்த்து மதுரைக்காரன். தொழில், சரக்கு, ஊர், தேசம் எதுவானாலும் தமிழில் 'காரன்' ஒன்றே போதும். ஆகவே அர்மனிக்காரன் என்று ஒருவன் சொன்னது முழுக்க முழுக்க ஒழுங்கான தமிழ்ச் சொல்லாக்கம். அதைக் கேட்ட அடுத்தவன் காதில் அது அரமனைக்காரன் என்று விழுந்திருக்கும். சொன்னவன் ஒன்றை நினைத்தான், கேட்டவன் இன்னொன்றை நினைத்தான், இருவரும் ஒரே தெருவுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் யார் திருத்தப் போகிறார்கள்?

திருத்தியது படித்தவன். அரமனை என்பது கொச்சை, எழுத்தில் அரண்மனை என்று எழுத வேண்டும் என்று தெரிந்த ஒரு குமாஸ்தா, ஒரு பத்திரம் எழுதுகிறவர், அல்லது பலகை எழுதிய ஓவியர் யாரோ ஒருவர் நடுவில் ஒரு 'ண்'ணைப் போட்டிருக்க வேண்டும். தெருவின் பெயர் ஆர்மேனியர்களை விட்டு நிஜமாகவே விலகியது இந்த 'ண்'ணில்தான் என்பது என் கட்சி. பேச்சுவழக்கு பாதி தூரம்தான் கொண்டுபோயிற்று, மீதியை இலக்கணம் கொண்டுபோய் விட்டது. இன்றும் பலகையில் அரண்மனைக்காரன், அரண்மனைக்காரத் தெரு என்றெல்லாம் மாறி மாறிப் பார்க்கலாம். வாயில் மட்டும் அரமனைக்காரன். மூலத்துக்கு நெருக்கமாக இருப்பது வாய்தான், பலகை இல்லை.

காது செய்கிற இந்த வேலைக்கு அந்த வட்டாரத்திலேயே இன்னொரு நல்ல உதாரணம், நாம் நின்று பார்த்தோமே அந்தப் பாரிமுனை. முல்லைக்குத் தேர் கொடுத்த பாரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வேல்ஸிலிருந்து வந்து 1780களின் கடைசியில் மெட்ராஸில் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் கம்பெனி இருந்த முனை அது. பாரி என்ற பெயர் ஏற்கெனவே நம்மிடம் இருந்ததால் வெளியூர்க்காரன் என்று யாருக்கும் தோன்றவில்லை, கடைசியில் வள்ளலின் பெயராகவே கேட்கிறது. அரண்மனையைத் தேடின மாதிரி நான் பறம்பு மலையைத் தேடாதது ஒன்றுதான் பாக்கி.

இதைவிட விசித்திரம் மயிலாப்பூர்ப் பக்கத்தில் பக்கிங்ஹாம் கால்வாயின் மேல் இருந்த பாலத்தின் கதை. ஹாமில்டன் என்பவரின் பெயரால் அமைந்த பாலத்தை மக்கள் அம்பட்டன் வாராவதி என்றார்களாம், அதைக் கேட்ட ஆங்கிலேயன் பொருள் கேட்டுத் தெரிந்துகொண்டு பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று மொழிபெயர்த்துவிட்டானாம். சென்னை வரலாறு பேசுகிற எல்லாரும் சொல்கிற கதை இது. அரண்மனைக்காரன் தெருவுக்கும் அந்த மாதிரி நடந்து, யாராவது அதைப் 'பேலஸ் ஸ்ட்ரீட்' என்று ஆங்கிலத்தில் திருப்பியிருந்தால் ஆர்மேனியர்களின் தடமே போயிருக்கும். நல்லவேளையாக ஆங்கிலப் பக்கத்தில் பெயர் அப்படியே நின்றது. தமிழ்ப் பெயரைத் திறக்க அந்த ஒரு சாவியாவது மிஞ்சியது.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. திருவல்லிக்கேணி டிரிப்ளிகேன் ஆனதும் எழும்பூர் எக்மோர் ஆனதும் எல்லாருக்கும் தெரிந்தது. உஸ்கான் கட்டிய சைதாப்பேட்டைப் பாலத்துக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் மார்மலாங் பாலம். அது என்ன மார்மலாங்? பக்கத்தில் இருந்த மாம்பலம்தான். ஆக, ஆர்மேனியர் கட்டிய பாலத்துக்கு ஆங்கிலேயர் வாயில் சிதைந்த தமிழ்ப்பெயர், ஆர்மேனியர் வாழ்ந்த தெருவுக்குத் தமிழர் வாயில் உருமாறிய ஆர்மேனியர் பெயர். இரண்டிலும் கேட்டவனுக்குச் சொன்னவனின் மொழி தெரியாது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. மார்மலாங் என்பதற்கு ஆங்கிலத்தில் பொருள் ஒன்றும் கிடையாது, வெறும் ஒலி. தமிழ்க் காதோ பொருள் இல்லாத ஒலியை வைத்துக்கொண்டு சும்மா இருக்காது, இருக்கிற சொற்களில் பக்கத்தில் உள்ளதைத் தேடிப் பிடித்து அதற்குள் நுழைத்துவிடும்.

பவளக்காரத் தெருவை மேலே சொன்னேன், அதற்கு ஒரு பின்குறிப்பு வேண்டும். மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, கோல்கொண்டா வைரத்தை வாங்கிக்கொண்டு போன யூத வியாபாரிகள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெட்ராஸில் இருந்தார்கள். அவர்களோடு தொடர்புடையது அந்தத் தெரு. ஆனால் தமிழிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி, அந்தத் தெருவின் பெயரில் யூதர் என்ற சொல் இல்லை, சரக்கு மட்டும்தான் இருக்கிறது. மொழிபெயர்ப்பு சுத்தமாக இருக்கிறது, ஆட்கள் காணாமல் போய்விட்டார்கள். பக்கத்திலேயே இருக்கிற தவறான பெயர் ஆட்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இரண்டில் எது நல்ல ஆவணம் என்று கேட்டால் நான் தவறான பெயரின் பக்கம்தான்.

பெயர் மாற்றும் அலைகள் இந்தப் பகுதியில் எத்தனை அடித்திருக்கின்றன என்று பார்த்தால் இந்தப் பெயர் தப்பியது ஆச்சரியம். கறுப்பர் ஊர் என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் டவுன் ஆனது. எஸ்பிளனேடு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை ஆனது, சுருக்கி என்.எஸ்.சி. போஸ் ரோடு. கடற்கரை முதல் வரிசை ராஜாஜி சாலை ஆனது. ஸ்டீபன் பாபம் என்ற வக்கீல் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பள்ளத்தைத் தூர்த்துப் போட்ட பிராட்வே, ஆந்திர கேசரி டி. பிரகாசத்தின் பெயரால் பிரகாசம் சாலை ஆனது, ஆனால் பஸ் கண்டக்டர் இன்றும் 'பிராட்வே, பிராட்வே' என்றுதான் கூவுகிறார். 1970களின் இறுதியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப்பெயரை எடுக்க வேண்டும் என்று அரசு சொன்னபோது தம்பு செட்டி தெரு தம்பு தெருவாகவும் லிங்கி செட்டி தெரு லிங்கி தெருவாகவும் பலகையில் மாறின. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலகைதான் மாறியது, முகவரி எழுதுகிறவன் கை மாறவில்லை.

நம் தெருவை எந்த அலையும் தொடவில்லை. இதற்கு என் ஊகம் இது: அந்நியப் பெயரை அகற்ற வேண்டும் என்று கிளம்புகிறவர் கண்ணுக்கு அரண்மனைக்காரன் என்பது அந்நியமாகத் தெரியாது. சாதியை எடுக்க வேண்டும் என்று கிளம்புகிறவருக்கு அதில் சாதி இல்லை. தலைவர் பெயரை வைக்க வேண்டும் என்று நினைப்பவருக்கும் 'நல்ல தமிழ்ப்பெயர்தானே, இருக்கட்டும்' என்று தோன்றும். ஆர்மேனியன் தெரு என்றே தமிழிலும் சுத்தமாக எழுதிவைத்திருந்தால் இந்நேரம் அதன் கதை வேறாக இருந்திருக்கலாம். வேஷம் போட்டதால் பிழைத்த பெயர் இது.

இப்போது ஆர்மேனியர் யாரும் அந்தத் தெருவில் இல்லை. கோயிலைக் கல்கத்தாவில் உள்ள ஆர்மேனியக் கோயில் நிர்வாகம் பராமரிக்கிறது, வாராவாரம் பூசை செய்ய சபை கிடையாது. தெருவில் வக்கீல் ஆபீஸ்கள், வங்கிகள், மொத்த வியாபாரம், ரோட்டோரக் கடைகள். பின்னி கம்பெனி இங்கேதான் இருந்தது. அன்னி பெசன்ட் 1915இல் கட்டிய கோகலே மண்டபமும் இந்தத் தெருவில்தான், அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே தொடங்கினால் முடியாது.

கோயிலுக்குள் போக முடிந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, கல்லறைகள். ஏறக்குறைய 350 என்கிறார்கள், பெரும்பாலானவை தரையில் பதித்த கற்கள், நடக்கும்போது மிதிக்காமல் போவது சிரமம். இரண்டாவது, அங்கே அடங்கியிருக்கிற பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியன். ஷிராஸில் பிறந்த இவர் மெட்ராஸில் அச்சகம் வைத்து, 1794இல் 'அஸ்தரார்' என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்தில் ஆர்மேனிய மொழியில் வெளிவந்த முதல் பத்திரிகை அதுதான். ஆர்மேனியாவில் இல்லை, இஸ்தான்புல்லில் இல்லை, மெட்ராஸில். 1796 வரை 18 இதழ்கள் வந்தன. அவருக்கும் முன்பே, 1770களில், ஷஹாமிர் ஷஹாமிரியன் என்ற மெட்ராஸ் வியாபாரி இங்கே ஆர்மேனிய அச்சகம் நடத்தியிருக்கிறார். மன்னராட்சி இல்லாத, சட்டத்தால் ஆளப்படுகிற ஓர் ஆர்மேனியா எப்படி இருக்க வேண்டும் என்று அரசியல் சாசனம் மாதிரி ஒரு நூலையே அச்சிட்டிருக்கிறார்கள். இல்லாத நாட்டுக்குச் சாசனம், அதுவும் இந்த ஊர்ப் புழுக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. ராஜா இல்லாத தேசத்தைக் கனவு கண்டவர்களின் தெருவுக்குத்தான் நாம் அரண்மனை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, மணிக்கூண்டு. கோயிலோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். குறுகலான மரப்படியில் ஏறினால் ஆறு பெரிய மணிகள். இரண்டில் 1837 என்ற ஆண்டும் லண்டனில் மணி வார்த்த தாமஸ் மியர்ஸின் பெயரும் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு மணி ஒன்றை 1808இல் மறுபடி உருக்கி வார்த்திருக்கிறார்கள், அதன் மேல் தமிழ் எழுத்து இருக்கிறது. பாலத்துக் கல்வெட்டில் இடம் பிடிக்காத தமிழ் எண்பது வருஷத்துக்குப் பிறகு மணியில் ஏறிவிட்டது. அதற்குள் அவர்கள் இந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆர்மேனியர்கள் தங்கள் மொழியில் தங்களை ஆர்மேனியர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவர்களுக்கு அவர்கள் 'ஹாய்', நாடு 'ஹயஸ்தான்'. ஆர்மேனியா என்பது கிரேக்கரும் பாரசீகரும் வெளியிலிருந்து வைத்த பெயர். ஆகவே அரண்மனைக்காரன் என்பது தவறு, ஆர்மேனியன் என்பது சரி என்று யாராவது பலகையைத் திருத்தக் கிளம்பினால், எந்தச் சரி என்று கேட்கத் தோன்றும். உள்ளே படுத்திருப்பவர்களைப் பொறுத்தவரை இரண்டுமே அடுத்தவர் வைத்த பெயர்கள்தான்.

போன தடவை அங்கே போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடைகள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன, தெரு முழு அகலத்துக்குத் தெரிந்தது, மற்ற நாளில் அது எவ்வளவு அகலம் என்றே தெரியாது. டீக்கடை ஒன்று மட்டும் திறந்திருந்தது. டீயைக் கையில் வாங்கும்போது மணி அடிக்க ஆரம்பித்தது. தெரிந்துகொண்டே, பேச்சுக்காக, அந்தோனியார் கோயில் மணியா என்று கடைக்காரரிடம் கேட்டேன். பாலை ஆற்றிக்கொண்டே தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டினார்.

"அது இல்ல சார். அரமனைக்காரங்க கோயிலு."